ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி-8: ஹெட் ஸ்டட் ஓரம் தண்ணீர் கசிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஃபோர்டு வி-8 வைத்திருப்பவர்கள் எனக்குப் போன் செய்தால், வண்டி எப்படி ஓடுகிறது என்ற பேச்சு இரண்டு நிமிடம்தான். அப்புறம் ‘ஹெட் மேல நட்டுக்கிட்ட தண்ணி நிக்குதுங்க’ என்று ஆரம்பிப்பார்கள். ஒரே பதிலை ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன். நான் கோயம்புத்தூரில் சின்னப் பட்டறை வைத்திருப்பவன். கீழே இருப்பது கையில் கிரீஸோடு கற்றுக்கொண்டது.

எந்த எஞ்சினைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

ஃபோர்டு கம்பெனி 1932-ல் கொண்டுவந்த சைடு வால்வ் வி-8. வால்வுகள் எல்லாம் சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலேயே இருக்கும். ஹெட் என்பது மேலே போட்டு மூடிய தட்டையான மூடி மாதிரி, அதற்குள்ளும் தண்ணீர் ஓடும். அதனால்தான் ஃபிளாட்ஹெட் என்ற பெயர். முதலில் வந்தது 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அமெரிக்காவில் 1953 வரை கார்களில் வந்தது. ஹெட்டை பிளாக்கோடு பிடித்து வைப்பது ஸ்டட், அதாவது இரண்டு முனையிலும் மரை வெட்டிய இரும்புக் கம்பி. ஒவ்வொரு ஹெட்டுக்கும் ஆரம்பத்தில் 21 ஸ்டட். 1938-ல் 24 ஆக்கினார்கள். 1949 மாடலிலிருந்து ஸ்டட்டுக்குப் பதிலாக போல்ட். நம் ஊருக்கு இது இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய கார்களிலும் லாரிகளிலும் வந்தது. யுத்த காலத்தில் கனடா ஃபோர்டின் ராணுவ லாரிகளிலும் வந்தது. 24 ஸ்டட் எஞ்சின் என்றால் இரண்டு ஹெட்டுக்கும் சேர்த்து 48 ஸ்டட். கசிய 48 வழி.

நட்டைச் சுற்றி ஈரம் வருகிறது. தண்ணீர் அங்கே எப்படிப் போகிறது?

இந்த ஒரு கேள்வி புரிந்தால் மீதி எல்லாம் எளிது. ஸ்டட் போகும் துளைகளில் பலவும் பிளாக்கில் தண்ணீர் ஓடும் அறையான வாட்டர் ஜாக்கெட்டுக்குள் நேராகத் திறக்கின்றன. அடிமூடிய துளை இல்லை. ஸ்டட்டின் அடிமுனை தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். பிளாக்கின் மரைக்கும் ஸ்டட்டின் மரைக்கும் நடுவில் எப்போதும் மயிரிழை இடைவெளி உண்டு. தண்ணீர் அந்தச் சுருளிலேயே சுற்றிச் சுற்றி மேலே ஏறும். மரை முடிந்த இடத்தில் ஸ்டட்டின் தண்டு, அதைச் சுற்றி ஹெட்டில் உள்ள தாராளமான துளை. அதில் ஏறி, வாஷருக்கு அடியில் வந்து, நட்டின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

ஆகவே நீங்கள் பார்க்கும் ஈரம் மாடியில், ஓட்டை தரைத்தளத்தில். ஹெட் கேஸ்கெட் புத்தம் புதிதாக இருந்தாலும் இந்தக் கசிவு வரும். கேஸ்கெட் மூடுவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடைப்பட்ட முகத்தைத்தான். ஸ்டட் துளைக்குள் ஏறும் தண்ணீரை அது ஒன்றும் செய்யாது.

அப்படியென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் போதாதா?

போதாது. இறுக்கும்போது அழுத்தம் கூடுவது வாஷருக்கு அடியில்தான், கீழே மரையில் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும். ஒருநாள் இரண்டுநாள் நின்றதுபோலத் தெரியும், பிறகு பக்கத்து நட்டில் வரும்.

இதில் நானே பட்டிருக்கிறேன். பட்டறை ஆரம்பித்த புதிதில், ஒரு லாரி எஞ்சினில் கசிந்த நட்டுக்கு நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டி ஒரு கால் சுற்று கொடுத்தேன். நட் இறுகிக்கொண்டே வந்தது, சட்டென்று இலகுவாகிவிட்டது. கழற்றிப் பார்த்தால் ஸ்டட்டின் கீழ் மரையில் பிளாக்கின் மரை ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அரை மணி வேலை நான்கு நாள் வேலையானது. அன்றிலிருந்து அந்தப் பைப் பந்தல் போடத்தான் உதவுகிறது.

ஸ்டட் கசிவா, கேஸ்கெட் போனதா, பிளாக் விரிசலா? எப்படிப் பிரித்தறிவது?

அவசரப்படாமல் பாருங்கள். எஞ்சின் ஆறியபின் ஹெட்டின் மேல்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, கம்ப்ரஸர் காற்றடித்துக் காயவைத்துவிடுங்கள். பிறகு நட்டுகளைச் சுற்றி விபூதியைத் தூவிவிடுங்கள். சாக்பீஸ் பொடியும் ஆகும். எங்கள் பட்டறையில் சாமி படத்துக்கு முன்னால் விபூதிதான் கைக்கு எட்டும். எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டட் கசிவு என்றால் வாஷரின் விளிம்பைச் சுற்றி நிலாப்பிறை மாதிரி ஒரு சாம்பல் நிற ஈரம் முதலில் தெரியும். பிறகு அது சரிவான பக்கம் கோடாக இறங்கும். ஈரம் ஹெட்டும் பிளாக்கும் சேரும் விளிம்பில் தொடங்கினால், அது கேஸ்கெட். பழைய கசிவாக இருந்தால் பொடியே வேண்டாம்: நட்டின் அடியில் செம்மண் நிறத்தில் துருக்கோடு, அதன் ஓரத்தில் வெள்ளை உப்பு படிந்திருக்கும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்திலேயே இடைவிடாமல் குமிழி வந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. கேஸ்கெட் அல்லது விரிசல். ஸ்டட் அப்படிச் செய்யாது.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஏழு கறுத்திருந்து ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. டிப் ஸ்டிக்கில் பால் காப்பி நிறம் தெரிந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஓட்டுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

விரிசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த பிளாக்கில் வெடிப்பு சகஜம். எக்ஸாஸ்ட் பாதை பிளாக்கின் தண்ணீருக்கு நடுவே போவதால் சூடு அதிகம். ஸ்டட் துளையிலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கு ஓடும் சின்ன வெடிப்பு பல பிளாக்குகளில் உண்டு. அதோடு பல ஆண்டுகள் ஓடிய எஞ்சின்களும் உண்டு. வால்வ் சீட்டிலிருந்து சிலிண்டருக்குள் ஓடும் வெடிப்புதான் எமன். முதல் வகையைப் பார்த்து பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும். வயிறு எரியும்.

கசிந்தாலும் ஓட்டலாமா?

நட்டில் ஈரம் மட்டும் என்றால் தண்ணீர் அளவைப் பார்த்துக்கொண்டு ஓட்டலாம். ஆனால் ரொம்ப நாள் விடாதீர்கள். ஸ்டட் துருவேறி ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு ஹெட்டைக் கழற்றுவது நரகம்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் நிற்கும் என்று எங்கள் டிரைவர் சொல்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. லாரிக்காரர்கள் நெடுநாளாகச் செய்வது. அமெரிக்காவில் இதே வேலைக்கு இஞ்சிப் பொடியையும் மிளகுப் பொடியையும் போட்டார்கள். தூள் தண்ணீரோடு சுற்றி, கசியும் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். மரையில் ஏறும் கசிவு மெல்லியது என்பதால் அதில் ஓரளவு வேலையும் செய்யும்.

ஆனால் தூளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டர் குழாய் எது என்று தெரியாது. ஃபிளாட்ஹெட் ஏற்கெனவே சூடாவதற்குப் பேர்போன எஞ்சின். பிளாக்கின் அடியில் வார்ப்பு மணலும் துருச் சேறும் தேங்கியிருக்கும். அதில் மஞ்சளையும் கொட்டினால் குழம்புதான். நடுவழியில் நின்றுவிட்டால், வீடு வந்துசேர ஒரு ஸ்பூன் போடுங்கள், தப்பில்லை. வந்ததும் தண்ணீரை இறக்கிக் கழுவிவிட்டு நிஜ வேலையைப் பாருங்கள்.

கடையில் கிடைக்கும் சோடியம் சிலிக்கேட் வகை பிளாக் சீலர் வேறு ரகம். சூட்டில் அது கண்ணாடி போல உறையும். சின்ன வெடிப்புக்கு உதவும். பெரும்பாலும் கூலன்ட் கலக்காத வெறும் தண்ணீரில்தான் போட வேண்டும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஹெட்டைக் கழற்றாமலே ஸ்டட்டைச் சரிசெய்ய முடியுமா?

முடியும், ஒரே நேரத்தில் ஒரு ஸ்டட் என்ற கணக்கில். கேஸ்கெட் நல்ல நிலையில் இருந்தால் நான் முதலில் இதைத்தான் செய்வேன்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முந்தின நாள் இரவு நிறுத்திய வண்டி உத்தமம். ரேடியேட்டரை மட்டும் காலி செய்தால் போதாது. பிளாக்கின் இரண்டு பக்கமும் கீழே தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் காக் இருக்கும், இரண்டையும் திறக்க வேண்டும். திறந்தும் தண்ணீர் வரவில்லையா? உள்ளே சேறு. ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். முதலில் காவி நிறத்தில் கெட்டியாக ஒன்று வரும், அப்புறம் தண்ணீர் பீறிடும். சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கசியும் நட்டைக் கழற்றி, வாஷரை எடுத்து, ஸ்டட்டின் மேல் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, இரண்டு நட் போட்டு ஒன்றோடொன்று பூட்டுங்கள். அடி நட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்பினால் ஸ்டட் வெளியே வரும். பக்கத்து நட்டுகள் ஹெட்டைப் பிடித்திருப்பதால் ஒன்றை எடுப்பதில் பயமில்லை. இரண்டு மூன்றைச் சேர்த்து எடுக்காதீர்கள்.

வந்த ஸ்டட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான் சமீபத்தில் எடுத்த ஒன்றில், மேல் பாதி புதிது போல, நடுத்தண்டு பென்சில் சீவியது போல ஒடுங்கி, துரு செதில் செதிலாக உதிர்ந்தது. அடி மரையின் கடைசி மூன்று சுற்று இருந்த இடமே தெரியவில்லை. பழைய ஸ்டட்டை மறுபடி போடலாமா என்று கேட்பவர்களுக்கு அந்த ஸ்டட்டைத்தான் காட்டுவேன். இப்படி ஒடுங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். 7/16 அங்குல ஸ்டட்; பிளாக்கில் போகும் பக்கம் அங்குலத்துக்கு 14 மரை, நட் பக்கம் 20 மரை. லேத்தில் கடைந்து வாங்குவதென்றால் சாதா கம்பியில் வேண்டாம், நல்ல அலாய் ஸ்டீலில் கேளுங்கள். எந்தத் துளையில் எந்த நீளம் என்பதை மறக்காமல் இருக்க, ஒரு அட்டையில் ஹெட்டின் படம் வரைந்து துளை குத்தி, கழற்றியதை அதிலேயே செருகி வையுங்கள்.

துளையைச் சுத்தம் செய்யும் இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மரை வெட்டும் டேப் கருவியை விடாதீர்கள். அது மரையை இன்னும் அகலமாக்கும், கசிவு கூடும். பழைய ஸ்டட் ஒன்றின் மரையில் நெடுக்காக மூன்று பள்ளம் அறுத்தால் அதுவே நல்ல சுத்தம் செய்யும் கருவி. பள்ளத்தில் கிரீஸ் தடவிக்கொண்டால் துருப்பொடி அதில் ஒட்டிக்கொண்டு வரும். கடைசியாக பிரேக் கிளீனர் அடித்து, காற்றடித்து, மரை உலரும்வரை பொறுங்கள். ஈரமான, எண்ணெய்ப் பசையான மரையில் கசிவை அடைக்கும் எந்த சீலன்ட் பசையும் பிடிக்காது.

சீலன்ட்டை ஸ்டட்டின் அடி மரையில் சுற்றிலும் தடவுங்கள், துளையின் மேல் இரண்டு மரையிலும் கொஞ்சம். கையால் திருகி உட்காரவைத்து, மெதுவாக ஒரு பிடி கொடுத்தால் போதும். ஸ்டட்டைக் கீழே முட்டி இறுக்கக் கூடாது. வாஷருக்கு அடியில் மெல்லிய பூச்சு, நட்டின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய், பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். அடுத்த ஸ்டட்.

எந்த சீலன்ட் நல்லது?

கெட்டியாகக் காய்ந்து உடையாத வகை எதுவும் ஆகும். பெர்மாடெக்ஸ் 2-ம் நம்பர், அல்லது அவர்களுடைய ஏவியேஷன் வகை. ஏவியேஷன் வகை பழுப்பு நிறத்தில், கம்பிப் பதம் வந்த வெல்லப்பாகு மாதிரி இழுபடும். கையில் பட்டால் இரண்டு நாள் உங்களோடு இருக்கும். நம் ஊர் அனபாண்ட் டப்பாக்களிலும் மரைக்கு என்று தனி ரகம் உண்டு. எதுவும் கிடைக்காத காலத்தில் பெரியவர்கள் ஷெல்லாக் போட்டார்கள், அதுவும் நின்றது. ரப்பர் மாதிரி உறையும் சிலிக்கோன் ஆர்டிவி பசையை மரைக்கு நான் போடுவதில்லை, திருகும்போது பிதுங்கி வெளியே வந்துவிடுகிறது. கெட்டியாகப் பூட்டும் சிவப்பு லாக்டைட் வேண்டாம். அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டுவார், அது நீங்களாகவே இருக்கலாம்.

டெஃப்ளான் டேப்?

வேண்டாம். துணுக்குகள் தண்ணீரில் கலந்து ரேடியேட்டரில் போய் உட்காரும்.

ஸ்டட் அசையவே மாட்டேன் என்கிறது. உடைந்தும் போச்சு.

அசையாததற்குப் பொறுமைதான் மருந்து. துருவை இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் ஸ்டட்டின் தலையில் சுத்தியலால் நான்கு தட்டு. பலமாக வேண்டாம், கோயில் மணி அடிப்பது போல. முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி திருப்பி, பிறகு கழற்றும் பக்கம். அசைந்தால் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அதற்கும் வராவிட்டால் கேஸ் வெல்டிங் சுடரால் ஸ்டட்டைச் சூடாக்கி, ஆறும்போது மெழுகுவர்த்தியை அதன் அடியில் வைத்து உருக்குங்கள். மெழுகு மரைக்குள் இறங்கும். சுடரைக் கொண்டுவரும் முன் கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் சிந்தியிருக்கிறதா என்று பாருங்கள். சொல்லத் தேவையில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.

பிளாக்கின் மட்டத்தில் உடைந்துவிட்டால் ஹெட்டை எடுத்தே ஆக வேண்டும். உடைந்த முனையின் மேல் ஒரு நட்டை வைத்து, துளை வழியாக வெல்டிங் செய்து நிரப்புங்கள். வெல்டிங் சூட்டிலேயே பாதிப் பிடி விட்டிருக்கும். சிவப்பு மறைந்ததும் திருப்பினால் பல சமயம் வந்துவிடும். வராவிட்டால் சென்டர் பஞ்ச் அடித்து, சின்ன டிரில்லில் தொடங்கி, நேராகத் துளைக்க வேண்டும். அதைக் கைடிரில்லில் கண்மதிப்பில் செய்யாதீர்கள். துளை சாய்ந்தால் மரை போய்விடும்.

பிளாக்கில் மரையே போய்விட்டால்?

ஹெலிகாயில் போடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் இது தண்ணீருக்குள் திறக்கும் துளை. ஹெலிகாயில் என்பது சுருள் கம்பி. அதன் வெளிப்பக்கமும் தண்ணீருக்கு இன்னொரு படிக்கட்டு. போட்டால் கம்பியின் வெளிப்பக்கத்துக்கும் சீலன்ட் தேவை. சுவர் முழுசாக உள்ள குழல் மாதிரியான இன்சர்ட் இருக்கிறதே, என் ஓட்டு அதற்கு. உள்ளும் வெளியும் மரை வெட்டியது, நல்ல லேத் பட்டறையில் செய்து தருவார்கள்.

என் எஞ்சினில் அலுமினிய ஹெட். அதற்கு என்ன வித்தியாசம்?

இரண்டு வித்தியாசம். இரும்பு ஸ்டட்டும் அலுமினியமும் தண்ணீரில் சேர்ந்து நின்றால் பேட்டரி மாதிரி அரிப்பு நடக்கும். ஸ்டட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கெட்டிப்பட்டு ஹெட்டை அசைக்கவே முடியாது. ஆகவே தண்டிலும் சீலன்ட் தடவுங்கள், வெறும் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சிறுவாணித் தண்ணீர் என்றாலும் கூலன்ட் கலந்தே ஊற்றுங்கள்.

இரண்டாவது, இறுக்கும் நேரம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடாக இருக்கும்போது ஸ்டட் தானே இழுபட்டு இறுகியிருக்கும். அப்போது அளந்தால் போலிக் கணக்கு. அலுமினிய ஹெட்டை ஆறியபின் மட்டுமே மறு இறுக்கம் செய்யுங்கள்.

எவ்வளவு டார்க்?

ஸ்டட் உள்ள எஞ்சினில் இரும்பு ஹெட்டுக்கு 50 முதல் 60 அடி-பவுண்டு, அதாவது சுமார் 68 முதல் 81 நியூட்டன் மீட்டர். அலுமினியத்துக்கு 35 முதல் 40. ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். இரும்பு ஹெட் என்றால் 20, 40, பிறகு முழு அளவு என்று மூன்று சுற்று, நடுவிலிருந்து ஓரத்துக்கு. சூடாக்கி ஆறவிட்டு மறுபடி ஒரு சுற்று. 200 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு சுற்று. இதைச் செய்யச் சோம்பல்பட்டவர்கள்தான் மூன்றாம் மாதம் திரும்பி வருகிறார்கள்.

பளபளவென்று குரோம் தொப்பி நட் போட்டிருக்கிறேன்…

அழகுதான். ஆனால் தொப்பிக்குள் ஏறிய தண்ணீர் வெளியே தெரியாது, ஸ்டட் உள்ளேயே ஊறும். ஸ்டட் நீளமாக இருந்தால் தொப்பியின் கூரையில் முட்டி, டார்க் ரெஞ்ச் ‘டிக்’ என்று சொல்லும்; ஹெட் இறுகியிருக்காது. நட்டின் ஆழத்தை அளந்துவிட்டுப் போடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை மாற்றியதிலிருந்துதான் கசிகிறது.

நவீன காரின் மூடியைப் போட்டிருப்பீர்கள். அது சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு அழுத்தம் வரை பிடிக்கும். ஆரம்பகால ஃபிளாட்ஹெட் ரேடியேட்டர் அழுத்தமே இல்லாத ஏற்பாடு. உறங்கிக்கொண்டிருந்த மரைக் கசிவை எல்லாம் அந்த மூடி எழுப்பிவிட்டது. உங்கள் வண்டிக்கு உரிய மூடிக்கே திரும்பிப் போங்கள்.

எல்லா ஸ்டட்டையும் சீல் செய்துவிட்டேன். ஒன்றில் மட்டும் இன்னும் கசிகிறது.

அந்த ஒன்றின் துளையைச் சுற்றி வெடிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டை எடுத்து, பிளாக்கின் முகத்தைப் பளிச்சென்று துடைத்து, வெடிப்பைச் சிவப்பாகக் காட்டும் டை பெனட்ரன்ட் சாயத்தை அடித்துப் பாருங்கள். சிவப்புக் கோடு ஸ்டட் துளையிலிருந்து தண்ணீர்த் துளையோடு நின்றுவிட்டால், மேலே சொன்ன குழல் இன்சர்ட்டைச் சீலன்ட்டோடு போட்டு, புது கேஸ்கெட் வைத்து மூடலாம். கோடு சிலிண்டர் பக்கமாகத் திரும்பினால் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். செய்தே ஆக வேண்டும் என்றால், எட்டுப் பிளக்கையும் கழற்றிவிட்டு முதலில் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள்.